பழைய செவ்ரோலெட் பிக்கப்பில் எந்த எஞ்சின் இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பழைய பிக்கப் வாங்கும் ஆசை நம்மவர்களுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. வார இறுதியானால் என் கைப்பேசிக்கு வரும் படங்களில் பாதி, பானெட்டைத் திறந்து எடுத்த எஞ்சின் படங்கள். கீழே ஒரே கேள்வி: "இது 350தானே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1967 முதல் 1990களின் இறுதிவரை வந்த செவ்ரோலெட், ஜி.எம்.சி. பிக்கப்புகளுக்கு மட்டும் இது பொருந்தும். ஃபோர்டு, டாட்ஜ் வைத்திருப்பவர்கள் மன்னிக்கவும், அது வேறு உலகம். இடது, வலது என்று குழம்பாமல் இருக்க, ஓட்டுநர் பக்கம், பயணி பக்கம் என்றே சொல்கிறேன். அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவார்.

350, 305, 454 என்கிறார்களே, அது குதிரைத் திறனா?

இல்லை. எட்டு சிலிண்டர்களிலும் பிஸ்டன்கள் ஒருமுறை ஏறி இறங்கும் இடத்தின் மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். 350 என்றால் 5.7 லிட்டர், 454 என்றால் 7.4 லிட்டர். 305, 307 இரண்டுமே சுருக்கமாக 5.0 லிட்டர் என்றுதான் வரும், ஆனால் அவை வேறு வேறு எஞ்சின்கள்.

பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம் போர், அது ஏறி இறங்கும் தூரம் ஸ்ட்ரோக். 350க்குப் போர் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48. 305க்குப் போர் 3.736, ஸ்ட்ரோக் அதே 3.48. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தலைவலிகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

வண்டிப் பத்திரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா?

தெரியாது. பத்திரமும் வின் எண்ணும் (வண்டியின் அடையாள எண்) அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது என்ன எஞ்சினோடு வந்தது என்பதைத்தான் சொல்லும். அதன் பிறகு நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. ஒரு பிற்பகலில் எஞ்சினைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடக்கூடிய வண்டிகள் இவை. 1958 முதல் 1990கள் வரை வந்த சிறிய பிளாக் வி-8களில் (V வடிவில் எட்டு சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின்களில் உருவம் சிறிய குடும்பம்) பெரும்பாலானவை அதே தாங்கிகளில் உட்கார்ந்துவிடும். பிறந்த சாதகம் ஒன்று, இன்றைய முகவரி ஒன்று.

சரி, பிறந்த சாதகத்தையாவது பார்ப்போம். வின் எண்ணில் எந்த எழுத்து?

ஆண்டைப் பொறுத்து இடம் மாறும். 1967 முதல் 1971 வரை இரண்டாவது எழுத்தையும் 1972இல் மூன்றாவது எழுத்தையும் பாருங்கள். எஸ் என்றால் ஆறு சிலிண்டர், இ என்றால் வி-8. எந்த வி-8 என்று அது சொல்லாது. 1973 முதல் 1980 வரையும் மூன்றாவது எழுத்துதான். 1970களின் பிற்பகுதி வண்டிகளில் எல் என்றால் 350, யு என்றால் 305, ஆர் என்றால் 400, எஸ் என்றால் 454, டி (D) என்றால் 250 ஆறு சிலிண்டர். என் வண்டியின் எண் சி, சி, எல், 1, 4, 7 என்று தொடங்கும். செவ்ரோலெட், இருசக்கர இயக்கம், 350 எஞ்சின், அரை டன், பிக்கப், 1977 என்று அதைப் படிக்க வேண்டும்.

1981 முதல் எல்லா வண்டிகளுக்கும் 17 இலக்கம் வந்துவிட்டது. அதில் எட்டாவது இடம் எஞ்சினுக்கு, பத்தாவது ஆண்டுக்கு. 1987க்கும் 1995க்கும் இடையில் எட்டாவது இடத்தில் கே இருந்தால் 350, எச் இருந்தால் 305, இசட் இருந்தால் 4.3 லிட்டர் வி-6, என் இருந்தால் 454. எழுத்துகளை ஆண்டு மாற்றிப் படித்தால் தப்பாகப் போகும், கவனம்.

டாஷ்போர்டு பெட்டி மூடியில் உள்ள ஒட்டுத்தாளில் எல்.எஸ்.9 என்று இருக்கிறது. வலையில் தேடினால் 638 குதிரைத் திறன் என்கிறது. எனக்குப் புதையலா?

இல்லை நண்பரே. 638 குதிரைத் திறன் உள்ளது 2009 கார்வெட் இசட்.ஆர்.1 காரின் எஞ்சின். செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் பழைய குறியீட்டை எடுத்து மறுபடியும் பயன்படுத்திவிட்டது. 1970கள், 80களின் பிக்கப்பில் எல்.எஸ்.9 என்பது நான்கு வாய் கார்புரேட்டர் வைத்த சாதாரண 350. 1977இல் அதன் திறன் 165.

அந்த ஒட்டுத்தாள் மதிப்புள்ளதுதான், கிழிக்காமல் வைத்திருங்கள். ஆனால் அதுவும் பிறந்த சாதகமே, பத்திரத்தைப் பற்றி மேலே சொன்ன கட்டுப்பாடு அதற்கும் உண்டு.

பானெட்டைத் திறந்துவிட்டேன். முதலில் எதைப் பார்க்க?

முதலில் ஸ்பார்க் பிளக்குகளை எண்ணுங்கள். சிரிக்காதீர்கள். 4.3 லிட்டர் வி-6 என்பது 350இலிருந்து இரண்டு சிலிண்டர்களை வெட்டியெடுத்த மாதிரிதான் இருக்கும். வடிகட்டியும் குழாய்களும் மூடியிருக்கும்போது அதை வி-8 என்று நம்பி வாங்கியவரை எனக்குத் தெரியும்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம். செவ்ரோலெட் வி-8களில் அது எஞ்சினின் பின்பக்கம், ஓட்டுநர் அறைச் சுவரை ஒட்டி இருக்கும். முன்பக்கம் இருந்தால் அது செவ்ரோலெட் எஞ்சினே அல்ல, அதே குழுமத்தின் பியூக்காக இருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாமல், டேப்பட் கவர்களின்மேல் (எஞ்சினின் உச்சியில் இருபுறமும் உள்ள நீள மூடிகள்) வரிசையாக மின்காயில்கள் இருந்தால், 1999இலிருந்து பிக்கப்புகளுக்கு வந்த புதிய தலைமுறை எஞ்சினை யாரோ மாட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது, சிறிய பிளாக்கா பெரிய பிளாக்கா. பக்கவாட்டில் குனிந்து, புகை வெளியேறும் நான்கு வாய்களைப் பாருங்கள். நடுவில் இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்போல் அடுத்தடுத்து இருந்தால் சிறிய பிளாக். நான்கும் சம இடைவெளியில் இருந்தால் பெரிய பிளாக், அதாவது 396, 402, 427, 454 குடும்பம். டேப்பட் கவரும் சொல்லும்: பழைய சிறிய பிளாக்கில் ஓரத்தில் நான்கு போல்ட், பெரிய பிளாக்கில் ஏழு.

எஞ்சின் ஆரஞ்சு நிறம், டேப்பட் கவரில் செவ்ரோலெட் என்று எழுதியிருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஆரஞ்சு வண்ணம் கடையில் டப்பாவில் கிடைக்கிறது, கவரும் கிடைக்கிறது. காற்று வடிகட்டி மூடியில் 350 என்று ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. தொழிற்சாலையில் செவ்ரோலெட் ஆரஞ்சு பூசியது 1970களின் நடுப்பகுதி வரைதான். 1977 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் எல்லாவற்றுக்கும் நீலம் பூசத் தொடங்கியது, பிறகு கறுப்பு வந்தது. ஆகவே 1980களின் வண்டியில் பளபளக்கும் ஆரஞ்சு எஞ்சின் இருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொன்று. செவ்ரோலெட், ஓல்ட்ஸ்மொபைல், பியூக், போன்டியாக் நான்குமே 350 என்ற பெயரில் தனித்தனி எஞ்சின் வைத்திருந்தன, ஒன்றின் ஹெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) இன்னொன்றுக்குப் பொருந்தாது. 1977இல் ஓல்ட்ஸ்மொபைல் கார் வாங்கியவர்கள் உள்ளே செவ்ரோலெட் எஞ்சின் இருப்பதைக் கண்டு வழக்குப் போட்ட கதை அமெரிக்காவில் பிரசித்தம். முன்பக்கத்தில் எண்ணெய் ஊற்ற நீண்ட குழாய் நின்றால் ஓல்ட்ஸ்மொபைல் என்று சந்தேகப்படுங்கள்.

வார்ப்பு எண், வார்ப்பு எண் என்கிறீர்கள். அது எங்கேதான் இருக்கிறது? தேடித் தேடிக் கழுத்து வலிக்கிறது.

எஞ்சின் எது என்று காட்டும் அந்த எண், வி-8களில் பிளாக்கின் (சிலிண்டர்கள் அமைந்த இரும்பு உடல்) பின்பக்கம், கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் வந்து சேரும் விளிம்பின் மேல்புறம், ஓட்டுநர் பக்கம். பானெட்டுக்கு மேலிருந்து குனிந்து, ஓட்டுநர் பக்க ஹெட்டுக்குப் பின்னால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் செங்குத்தாகக் கீழே பார்க்க வேண்டும். ஏழு அல்லது எட்டு இலக்கம், சிலவற்றில் ஆறு. செதுக்கிய எண் அல்ல, இரும்போடு வார்த்த புடைப்பு எண்.

முதல் பார்வையில் எதுவும் தெரியாது. நாற்பது ஆண்டு எண்ணெயும் தூசியும் சேர்ந்து தோசைக்கல் அடிப்பிசுக்குபோல் அங்கே படிந்திருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு பிரேக் கிளீனர் அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய மரக்கரண்டியால் வழித்து எடுங்கள். பிறகு சிறிய கம்பி பிரஷ். கையை உள்ளே நுழைத்து விரல் நுனியால் தடவினாலே இலக்கங்கள் புடைத்திருப்பது தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் படிக்காதீர்கள். நான் அப்படிப் படித்து இடவலம் மாறிய எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் பட்டியலில் தேடினேன். கைப்பேசியை உள்ளே இறக்கி, விளக்கைப் போட்டு, பத்து படங்களைக் குருட்டாம்போக்கில் எடுங்கள். ஒன்றாவது தெளிவாக விழும்.

எண் கிடைத்துவிட்டது. இனிச் சந்தேகமே இல்லையே?

பெரும்பாலும் தீர்ந்தது, முழுதாக இல்லை. சில எண்கள் நேர்மையானவை: 361979, 14010201 இரண்டும் 305. 14010207 என்றால் 1980களின் முற்பகுதி 350. 14093638 என்றால் 1987 முதல் வந்த 350. 1980களின் பல பிளாக்குகளில் 5.0 அல்லது 5.7 என்று லிட்டரையே பெரிதாக வார்த்திருப்பார்கள், அதைப் பார்த்தால் வேலை சுலபம்.

ஊரெல்லாம் கிடைக்கும் 3970010 மட்டும் கொஞ்சம் குறும்புக்காரன். பத்துக்கு ஒன்பது 350தான், ஆனால் 1969இல் அதே வார்ப்பில் 302, 327 எஞ்சின்களும் செய்தார்கள். மூன்றுக்கும் போர் 4.00 அங்குலமே, உள்ளே போன கிராங்க் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு)தான் வேறு. வார்ப்பு எண் பிளாக்கைச் சொல்லும், அதற்குள் யார் எந்தக் கிராங்கைப் போட்டார்கள் என்று சொல்லாது. 350 பிளாக்கில் 400இன் கிராங்கைப் போட்டு 383 ஆக்குவது அமெரிக்கக் கொட்டகைகளில் கைத்தொழில் மாதிரி.

பயணி பக்க விளிம்பில் "பி 14 8" என்று ஏதோ இருக்கிறதே?

அது பிளாக்கை வார்த்த தேதி. முதல் எழுத்து மாதம்: ஏ ஜனவரி, பி பிப்ரவரி, அப்படியே எல் டிசம்பர் வரை. அடுத்தது நாள், கடைசி இலக்கம் ஆண்டின் கடைசி எண். ஆகவே பிப்ரவரி 14, ஆண்டு 8இல் முடிகிறது. 1968ஆ, 1978ஆ, 1988ஆ என்பதை வார்ப்பு எண்ணோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தத் தேதிதான் என் வண்டியின் குட்டை உடைத்தது. விற்றவர் "ஒரிஜினல் 350, தொட்டதே இல்லை" என்று சொன்னார், வின் எண்ணும் எல் என்றது. பிளாக்கின் எண்ணோ 361979, தேதி பிப்ரவரி 1978. 1977 மாடல் வண்டிக்குள் 1978இல் வார்த்த எஞ்சின் எப்படி ஒரிஜினலாக இருக்கும்? அதற்குள் 350க்கான ஹெட் கேஸ்கெட் செட் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். இப்போதும் அலமாரியில் இருக்கிறது.

முன்பக்கத்தில் குத்திய எழுத்துகள் இருக்கின்றன. அவை வேறா?

வேறு. பயணி பக்க ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கின் மேல்முகத்தில் ஒரு சிறு திண்டு உண்டு. ஆல்டர்னேட்டர் அதைப் பாதி மறைக்கும். அதில் இருப்பது வார்ப்பு அல்ல, குத்திய முத்திரை: தொழிற்சாலை எழுத்து, மாதம், நாள், கடைசியில் இரண்டு அல்லது மூன்று எழுத்துப் பின்னொட்டு. வி என்றால் ஃபிளின்ட், டி (T) என்றால் டோனவாண்டா. பின்னொட்டு எந்த வகை வண்டிக்காக எஞ்சினைப் பொருத்தினார்கள் என்று சொல்லும், ஆனால் அதே பின்னொட்டை வெவ்வேறு ஆண்டுகளில் வேறு எஞ்சின்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். எனவே வார்ப்புத் தேதி தெரியாமல் இதைப் படிக்காதீர்கள்.

பல எஞ்சின்களில் அங்கேயோ எண்ணெய் வடிகட்டிக்கு அருகிலோ வின் எண்ணின் கடைசி இலக்கங்களும் இருக்கும். உங்கள் வண்டியோடு பொருந்தினால் அது பிறந்த எஞ்சின். திண்டு வழவழவென்று மொட்டையாக இருந்தால் பதற வேண்டாம். எஞ்சினைப் பிரித்து மேல்முகத்தை இழைத்தபோது முத்திரையும் சேர்ந்து போயிருக்கும்.

விற்பவர் பக்கத்தில் நிற்கிறார், பிரஷ் எல்லாம் எடுக்க முடியாது. ஐந்து நிமிடத்தில் என்ன தெரிந்துகொள்ளலாம்?

காலத்தைத் தெரிந்துகொள்ளலாம். எண்ணெய் அளக்கும் குச்சி ஓட்டுநர் பக்கம் இருந்தால் பிளாக் 1979 அல்லது அதற்கு முந்தையது, பயணி பக்கம் இருந்தால் 1980 அல்லது அதற்குப் பிந்தையது. டேப்பட் கவரின் போல்ட்கள் ஓரத்தில் இல்லாமல் நடு முதுகில் வரிசையாக இருந்தால் ஹெட் 1987 அல்லது அதற்குப் பிந்தையது. ஹெட்டின் முனையில் போல்ட் துளைகளே இல்லையென்றால் 1969க்கு முந்தைய ஹெட். இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் பாகம்) பன்னிரண்டுக்குப் பதில் எட்டு போல்ட்கள் பிடித்திருந்தால் 1996இல் வந்த வோர்டெக் என்ற ஹெட் வகை.

"1972 ஒரிஜினல்" என்று சொல்லும் வண்டியில் குச்சி பயணி பக்கம் இருந்தால், விலை பேசுவதற்கு அது ஒன்றே போதும்.

305ஐயும் 350ஐயும் வெளியிலிருந்து பிரிக்கவே முடியாதா?

உருவத்தை வைத்து முடியாது. உயரம், அகலம், போல்ட்கள் எல்லாம் ஒன்றே. வார்ப்பு எண்தான் வழி. அதனால்தான் பழைய வண்டிச் சந்தையில் எல்லா 305களும் 350 என்று பெயர் மாற்றிக்கொள்கின்றன.

ஸ்பார்க் பிளக் துளையில் குச்சி விட்டு ஸ்ட்ரோக் அளந்தால் தெரியுமாமே?

இந்தச் சந்தேகத்துக்கு அது உதவவே உதவாது. முதல் பதிலைப் பாருங்கள்: 305, 350 இரண்டுக்கும் ஸ்ட்ரோக் ஒன்றுதான். 283 (3.00 அங்குலம்), 307, 327 (3.25), 350 (3.48), 400 (3.75) என்று பிரிக்க வேண்டுமானால் கொள்கையளவில் உதவும். ஆனால் பிளக் துளை சாய்வாக இருப்பதால் குச்சியும் சாய்ந்தே போகும், நாம் தேடும் வித்தியாசமோ கால் அங்குலம். குச்சி உள்ளே முறிந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அப்போது போரையே அளந்துவிடலாம் என்பது ஓர் ஆறுதல்.

ஹெட் கழன்றிருந்தால் கணக்கு எளிது: போரை அதே எண்ணால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 8ஆல் பெருக்கி, 0.7854ஆல் பெருக்குங்கள். 4.00, 3.48 போட்டால் 349.85 வரும்.

விற்பவர் 400 என்கிறார். அது பெரிய பிளாக்கா, சிறிய பிளாக்கா?

இரண்டும் உண்டு, குழப்பியது செவ்ரோலெட்டேதான். 1970களின் தொடக்கத்தில் 402 பெரிய பிளாக்கை 400 என்ற பெயரிலும் விற்றார்கள். அதே காலத்தில் நிஜமான 400 சிறிய பிளாக்கும் வந்தது. புகை வாய்களின் இடைவெளியை மேலே சொன்னபடி பார்த்தால் முதல் குழப்பம் தீரும்.

சிறிய பிளாக் 400க்குப் ஒவ்வொரு பக்கவாட்டிலும் மூன்று ஃப்ரீஸ் பிளக்குகள் (பிளாக்கின் நீர்த்துளைகளை அடைக்கும் வட்டத் தகடுகள்), மற்றவற்றுக்கு இரண்டு. சில 400 பிளாக்குகளில் மூன்றாவதற்கு வட்ட அச்சு மட்டும் இருக்கும், துளை இருக்காது. கிராங்கின் முனையில் உள்ள பேலன்சரில் ஒருபக்க எடை இருப்பதும் அடையாளம். இந்த எஞ்சினின் பேலன்சரையும் ஃப்ளைவீலையும் 350உடையதோடு மாற்றி மாட்டினால் வண்டி நடுங்கியே செத்துவிடும்.

நான்கு போல்ட் மெயின் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து தெரியுமா?

தெரியாது. கிராங்கைத் தாங்கும் மூடிகளை இரண்டு போல்ட்கள் பிடிக்கின்றனவா நான்கா என்பதை ஆயில் பானைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். 3970010 பிளாக் இரண்டு விதமாகவும் வந்தது. சந்தைக்கும் வீட்டுக்கும் ஓடும் பிக்கப்புக்கு இரண்டு போல்ட் தாராளம்.

எனக்கு நேர்வரிசை ஆறு சிலிண்டர். நான் என்ன பார்க்க வேண்டும்?

பெரும்பாலும் 250 அல்லது 292. போர் ஒன்றே, 292க்கு ஸ்ட்ரோக் நீளம், ஆகவே பிளாக்கும் உயரம். முத்திரைத் திண்டு பயணி பக்கம், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால்.

தெரியாமலே உதிரிபாகம் வாங்கினால் என்ன குடி முழுகிவிடும்?

பாகத்தைப் பொறுத்தது. சிறிய பிளாக் குடும்பத்தில் டிஸ்ட்ரிபியூட்டர், எண்ணெய் பம்ப் போன்றவை தாராளமாகக் கைமாறும். பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கெட் வாங்கப் போர் தெரிய வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டு வாங்க ஹெட்டின் காலம் தெரிய வேண்டும். 1987இலிருந்து நடு போல்ட்களின் சாய்வு மாறிவிட்டது. ஃப்ளைவீலுக்குக் கிராங்கின் காலம் முக்கியம்: 1985 வரை போல்ட் வட்டம் 3.58 அங்குலம், 1986இலிருந்து 3.00. கடைக்காரர் "வண்டி எந்த ஆண்டு?" என்றுதான் கேட்பார். வண்டியின் ஆண்டைச் சொல்லாதீர்கள், பிளாக்கின் ஆண்டைச் சொல்லுங்கள்.

அண்ணா, 350 என்று வாங்கினேன், 305 என்று தெரிந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடவா?

எதற்கு? எண்ணெய் குடிக்கவில்லை, அழுத்தம் எட்டு சிலிண்டரிலும் சீராக இருக்கிறது என்றால் ஓட்டுங்கள். அதை முடுக்கிவிடக் காசு செலவழிக்க மட்டும் வேண்டாம். சிறிய போரில் பெரிய வால்வுகளுக்கு இடமில்லை, அதே காசை 350இல் போட்டால் கூடுதல் பலன். நான் என்னுடையதை மாற்றவில்லை.

கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். எஞ்சின் மாறியிருந்தால் புகைச் சோதனையில் சிக்கலா?

1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே புகைச் சோதனையே கிடையாது. 1976 முதல் உண்டு. மாற்றிய எஞ்சின் வண்டியின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் புதியதாகவோ இருக்க வேண்டும், அந்த எஞ்சினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் மாட்டியிருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க அரசின் நடுவர் நிலையம் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும்.

போவதற்கு முன் வார்ப்பு எண், வார்ப்புத் தேதி இரண்டின் படங்களையும் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள், அந்த விளிம்பையும் துடைத்து வையுங்கள். எல்லாம் சரியென்றால் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுப்பார்கள். அடுத்த சோதனைக்குப் போகும்போது கதவைத் திறந்து அதைக் காட்டினால் போதும்.